புது ஆல்பம், பழைய கை: ஜே மாஸ்கிஸ் ரசிகர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

2024 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை அன்று அமெரிக்க கிதார் கலைஞர் ஜே மாஸ்கிஸ் தன் சொந்தப் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். பெயர் 'வாட் டூ வீ டூ நவ்'. பத்துப் பாட்டு. அப்போது அவருக்கு வயது 58. அமெரிக்கப் பாப் தரவரிசையின் உச்சியை அவருடைய பாட்டு எதுவும் ஒருநாளும் எட்டியதில்லை. பேட்டி எடுக்கப் போனால் நாலு நிமிடக் கேள்விக்கு நாலு வார்த்தையில் பதில் சொல்லும் மனிதர். நரைத்த முடி தோளுக்குக் கீழே தொங்கும். விளம்பரத்துக்கு ஏற்ற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் இப்படிப்பட்ட ஒருவரின் ஆல்பம் வருகிறது என்றால், பாட்டைக் கேட்பதற்கு முன்பே வண்ண இசைத்தட்டுக்குப் பணம் கட்டும் கூட்டம் உண்டு. எந்தப் பெடலில் (கிதார் ஒலியை மாற்றும் பெட்டி) வாசித்திருக்கிறார், ஸோலோ, அதாவது கிதார் மட்டும் முன்னால் நின்று வாசிக்கும் பகுதி, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று அலசும் கூட்டமும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புதிர். 'முப்பது வருடத்துக்கு மேலாக அதே மாதிரிதானே வாசிக்கிறார்?' என்று கேட்பார். 'அதனால்தான்' என்பது ரசிகரின் பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு மனிதர், ஒரு கிதார், கொஞ்சம் மின்னணுவியல், ஒரு வணிகக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இண்டி என்றால் என்ன?

தமிழ்நாட்டில் இண்டி, சுயாதீன இசை என்றால் சினிமாவுக்கு வெளியே உருவாகும் பாட்டு. நமக்கு சினிமாதான் மையம், அதனால் அந்த அர்த்தம். அமெரிக்காவில் எல்லைக்கோடு வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே சந்தையின் பெரும்பகுதி யூனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களின் கையில். அவற்றுக்கு வெளியே சொந்தக் காசில், சின்ன அலுவலகத்தில், சில ஆயிரம் தட்டு அச்சடித்து விற்கும் லேபிள்கள் 1980களில் முளைத்தன. அந்த லேபிள்களில் வந்த இசைதான் முதலில் இண்டி. அப்புறம் அந்தச் சொல் ஒரு வியாபார முறையிலிருந்து நழுவி, ஒரு வகை கிதார் ஓசையின் பெயராகவும் ஆகிவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் மாஸ்கிஸின் ஆல்பத்தை வெளியிட்ட லேபிளேதான். சியாட்டிலைச் சேர்ந்த சப் பாப், இண்டியின் அடையாளச் சின்னம் போன்றது. பின்னால் உலகப் புகழ் பெற்ற நிர்வானா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை 1989இல் வெளியிட்டதும் அதுதான். அதே சப் பாப் 1995இல் தன்னுடைய 49 சதவீதப் பங்கை வார்னருக்கு விற்றது. 51 சதவீதம் கையில் இருக்கும்வரை இண்டியா, இல்லையா? ரசிகர்கள் இதை இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், பங்குக் கணக்கைவிட முக்கியம், ஒரு பாட்டு எத்தனை நிமிடம் ஓடலாம் என்பதை ஸ்டுடியோவில் யார் முடிவு செய்கிறார்கள் என்பது. மாஸ்கிஸ் விஷயத்தில் அதற்கு விடை தெளிவு. வீட்டிலேயே பிஸ்குடீன் என்ற பெயரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்.

டிரம்ஸ் வாசித்தவர் கிதாருக்கு வந்த கதை

மாஸ்கிஸ் பிறந்து வளர்ந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே உள்ள ஆம்ஹெர்ஸ்ட். கல்லூரிகள் சூழ்ந்த ஊர். 1980களின் தொடக்கத்தில் 'டீப் வூண்ட்' என்ற ஹார்ட்கோர் பங்க் (வேகமும் சத்தமும் மிகுந்த ராக் வகை) குழுவில் அவர் வாசித்தது கிதார் இல்லை, டிரம்ஸ். கிதார் வாசித்தவர் லூ பார்லோ. அந்தக் குழு கலைந்த பிறகு 1984இல் புதுக் குழு. இம்முறை மாஸ்கிஸ் கிதாருக்கு மாறினார், பார்லோ பேஸ் கிதாருக்கு வந்தார், டிரம்ஸுக்கு மர்ஃப் என்ற நண்பர் சேர்ந்தார். குழுவின் பெயர் டைனோசார். 1960களின் சான் ஃபிரான்சிஸ்கோ கலைஞர்கள் சேர்ந்து நடத்திய இன்னொரு குழுவுக்கும் ஏறக்குறைய அதே பெயர் இருந்ததால் சிக்கல் வந்தது. 1987இல் பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' ஒட்டிக்கொண்டது.

மேலே சொன்ன வாத்திய மாற்றம் அற்ப விஷயமாகத் தோன்றலாம். உண்மையில் பின்னால் வருகிற எல்லாமே அதிலிருந்து கிளைத்தவை. டிரம்ஸ் அடித்துப் பழகிய உடம்புக்குக் கிதார் சப்பென்று இருந்திருக்கிறது. ஓங்கி அடித்தால் நெஞ்சில் இடிக்கும் அந்த அதிர்ச்சி ஆறு தந்தியில் கிடைக்கவில்லை. அதை எட்டத்தான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதாக மாஸ்கிஸே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பல ஊர்களில் கச்சேரி நடத்தும் இடங்கள் இந்தக் குழுவைக் கண்டு நடுங்கியதற்கு இதுதான் காரணம்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. 1985, 1987, 1988 என மூன்று ஆல்பங்கள் வந்தன. பின்னிரண்டையும் அமெரிக்காவில் வெளியிட்டது எஸ்எஸ்டி என்ற கலிஃபோர்னியா இண்டி லேபிள். 1987இல் வந்த 'யூ ஆர் லிவிங் ஆல் ஓவர் மீ' இன்றுவரை அளவுகோல்.
2. 1989இல் பார்லோ குழுவிலிருந்து நீக்கப்பட்டார். கசப்பு பல வருடம் நீடித்தது.
3. பிறகு பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1991 ஜூனில் நடந்த ஒரு சுற்றுப்பயணத்தில் இவர்களுக்கு முன்னால் மேடையேறிய துணைக் குழு நிர்வானா. மூன்று மாதத்தில் நிர்வானா உலகம் அறிந்த பெயராயிற்று. டைனோசார் ஜூனியர் நடுத்தர உயரத்திலேயே நின்றது.
4. 1997 ஆல்பத்தோடு குழுவின் பெயருக்கு ஓய்வு.
5. 2005இல் அதே மூவரும் மீண்டும் சேர்ந்தார்கள்.

ஐந்தாவது விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிந்த குழுக்கள் காசுக்காகச் சேர்வதும், பழைய பாட்டை வாசித்துவிட்டுக் கலைவதும் ராக் உலகில் வழக்கம். இவர்கள் சேர்ந்த பின் 2007, 2009, 2012, 2016, 2021 என ஐந்து புது ஆல்பம் போட்டார்கள். இளமையில் ஒன்றாகப் போட்டது மூன்றுதான். கணக்கில் இரண்டாவது இன்னிங்ஸ் பெரிது. புது ஆல்பம் என்றதும் ரசிகர்கள் பயப்படாமல் காசு எடுப்பதற்கு இந்தச் சரித்திரம் ஒரு காரணம். ஏமாந்த அனுபவம் அவர்களுக்கு அதிகம் இல்லை.

யாருக்கும் வேண்டாத ஒரு கிதார்

ரசிகர்கள் 'டோன்' என்று ஒரு சொல்லை ஓயாமல் உருட்டுவார்கள். ஒரே சுரத்தை இரண்டு பேர் வாசித்தாலும் இன்னார் என்று கண்டுபிடிக்க வைக்கும் ஒலியின் குணம் அது. தமிழில் இதற்கு ஈடாக எனக்குத் தோன்றுவது கைமணம். ஒரே புளி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு, ஆனாலும் அத்தை வைத்த ரசம் தனியாகத் தெரியும் இல்லையா, அது. மாஸ்கிஸின் கைமணம் எதில் தொடங்குகிறது என்றால், ஜாஸ்மாஸ்டர் என்ற கிதாரில்.

ஃபெண்டர் நிறுவனம் 1958இல் ஜாஸ் வித்வான்களை மனதில் வைத்து இதைக் கொண்டுவந்தது. ஜாஸ்காரர்கள் சீந்தவில்லை. கடற்கரை ஊர்களின் சர்ஃப் இசைக் குழுக்கள் கொஞ்ச காலம் தூக்கிப் பிடித்தன. 1980இல் தயாரிப்பே நின்றது. இதில் சில கோளாறுகளும் உண்டு. பிரிட்ஜ், அதாவது தந்திகள் சாய்ந்து நிற்கும் பாலம், ஓங்கி அடித்தால் தந்தியை நழுவவிடும். ஆகவே அடகுக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மலிவாகக் கிடந்தது.

காசில்லாத பங்க் இளைஞர்களுக்கு அது போதும். மாஸ்கிஸ் வாங்கப் போனது அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டரை. கையிலிருந்த பணம் பத்தவில்லை, ஜாஸ்மாஸ்டரோடு வீடு திரும்பினார். பிரிட்ஜை மாற்றிக்கொண்டார். நியூயார்க்கின் சோனிக் யூத் குழுவும் ஏறக்குறைய இதே காரணத்தால் இதே கிதாரைக் கையில் எடுத்தது. இண்டி ஓசை என்று நாம் இன்று அடையாளம் காணும் ஒன்றின் வேர் ஓரளவு இந்த விலைப்பட்டியலில் இருக்கிறது. பெரிய அழகியல் கொள்கை எதையும் தேட வேண்டியதில்லை.

இரைச்சலுக்குள் கார்வை எப்படி வருகிறது

கிதாருக்கு அடுத்தது பெடல். தரையில் வைத்துக் காலால் மிதிக்கும் சின்ன மின்சுற்றுப் பெட்டி. மாஸ்கிஸோடு சேர்த்துச் சொல்லப்படுவது 'பிக் மஃப்' என்ற ஃபஸ் பெடல், அதிலும் 1970களில் வந்த பழைய வகைகள். அது செய்யும் வேலையைப் படிப்படியாகப் புரிந்துகொண்டால் பாதிப் புதிர் விலகிவிடும்.

1. தந்தியை மீட்டினால் அதிர்கிறது. கீழே உள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. மீட்டிய கணத்தில் உச்சம், அடுத்த நொடியிலிருந்தே தேய்மானம். வயலினில் வில் இழுத்துக்கொண்டே இருக்கலாம், நாதஸ்வரத்தில் மூச்சு தாங்கும். கிதாரில் மீட்டிய விரலுக்கு அதற்கு மேல் பிடி இல்லை.

2. ஃபஸ் பெடல் அந்த மின்னலையைச் சுற்று தாங்கும் அளவுக்கு மேல் பெருக்குகிறது. தாங்காத பகுதி வெட்டுப்படுகிறது. மலைச்சிகரம் போல இருந்த அலை மொட்டை மாடி போலத் தட்டையாகிறது. அப்படி வெட்டுப்படும்போது மூல சுரத்தோடு புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. நம் காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது.

3. இதில் ஒரு பக்க விளைவு. தந்தியின் அதிர்வு பாதியாகக் குறைந்தாலும் பெருக்கிய அலை இன்னும் வெட்டுக்கோட்டைத் தாண்டியே நிற்கிறது. ஆகவே வெளியே வரும் உயரம் மாறுவதில்லை. தேய வேண்டிய சுரம் நிற்கிறது. கிதாருக்குக் கார்வை கிடைத்துவிட்டது.

4. இதை மார்ஷல் ஆம்ப் (கிதாருக்கான ஒலிபெருக்கி) அடுக்குகளின் முன்னால் நின்று வாசித்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றதிர்வு திரும்பித் தந்தியையே ஆட்டும். மீட்டாமலே சுரம் நீளும். மைக்கில் கீச்சென்று கத்தும் அதே ஃபீட்பேக்தான். இங்கே அது வாத்தியத்தின் பகுதி.

விலையும் ஒன்று உண்டு. பல சுரங்களை ஒருசேர ஃபஸ்ஸில் வாசித்தால் கூழாகிவிடும். ஒற்றைச் சுரத்தில் நகரும் மெட்டு மட்டும்தான் தெளிவாக நிற்கும். மாஸ்கிஸின் ஸோலோக்கள் அதனால்தான் பாடுவது போல இருக்கின்றன. தந்தியை இழுத்து, சுரத்தைச் சரியவிட்டு, இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இதைக் கமகம் என்று சொல்லிவிட்டால் கர்நாடக சங்கீதக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம். அவருடைய பாட்டுக் குரலோ நேர் எதிர். தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல மூக்கால் இழுக்கும் குரல். வருத்தத்தைக் குரல் தயங்கித் தயங்கிச் சொல்லும், சொல்லி முடிக்க முடியாத இடத்தில் கிதார் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பாட்டிலும் அந்தக் கைமாற்றம் நடக்கும் இடத்துக்காகத்தான் ரசிகர் காத்திருக்கிறார். அது வரும் என்று தெரியும், எப்போது, எந்த வளைவில் என்று தெரியாது. ராகம் தெரிந்த கச்சேரியில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏறக்குறைய இதே எதிர்பார்ப்புதான்.

சத்தம் பற்றிய ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். 2009இல் டைனோசார் ஜூனியரின் 'ஃபார்ம்' ஆல்பம் வந்தபோது ஐரோப்பாவுக்கென அச்சான பிரதிகளில் மென்பொருள் பிழையால் ஒலி அளவு 3 டெசிபெல் கூடிவிட்டது. 3 டெசிபெல் என்றால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. சத்தத்துக்கே பெயர்போன குழுவின் தட்டு, சத்தம் அதிகம் என்று திரும்பப் பெறப்பட்டது! வேடிக்கை ஒருபுறம் இருக்க, இதில் காரணம் உண்டு. ஏற்கனவே விளிம்புவரை நிறைந்த பதிவில் இன்னும் ஏற்றினால் டிரம்ஸின் எழுச்சியும் மெட்டின் ஏற்ற இறக்கமும் நசுங்கிவிடும். மாஸ்கிஸ் வெட்டுவது கிதார் அலையை மட்டும். மொத்தப் பாட்டையும் யாரோ வெட்டினால் அது வேறு பொருள்.

அப்படியானால் 2024 ஆல்பத்தில் என்ன புதுசு?

மாஸ்கிஸ் தன் பெயரில் போடும் ஆல்பங்கள் குழுவின் ஆல்பங்களுக்கு மறுபக்கம். 1996இல் வந்த நேரடிப் பதிவு, பிறகு சப் பாப்பில் 2011, 2014, 2018 ஆல்பங்கள், எல்லாவற்றிலும் மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிதார்தான் நடுநாயகம். (இடையில் 2005இல், கேரளத்தின் மாதா அமிர்தானந்தமயியின் பக்தரான இவர், அவருக்காகவே பக்திப் பாடல்கள் கொண்ட ஆல்பம் ஒன்றும் வெளியிட்டார். தேடிக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.) தனியாளாக மேடையில் வாசிக்க வேண்டும் என்பதால் பாட்டுகளை எளிமையாக வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

'வாட் டூ வீ டூ நவ்' அந்த வழக்கத்தை இரண்டு இடத்தில் உடைத்தது. பாட்டுகளுக்கு முழு டிரம்ஸ் வந்தது. ஸோலோக்கள் மின்கிதாரில் வந்தன. அடியில் தாளம் பிடிக்கும் கிதார் மட்டும் அக்கூஸ்டிக்காகவே இருக்கிறது. பியானோவுக்கு பி-52ஸ் குழுவோடு வாசிக்கும் கென் மவ்ரியும், ஸ்டீல் கிதாருக்கு மேத்யூ டாக் டன்னும் வந்தார்கள். விளைவு, பழைய தனி ஆல்பங்களின் மெல்லிய உடம்பும் குழுவின் எலும்பும் ஒரே இடத்தில். ஒரு டிரம்ஸ்காரர் கிதாருக்குப் போன கதை என்று மேலே பார்த்தோம். அவர் தன் பெயரிட்ட ஆல்பத்துக்குள் டிரம்ஸை முழுசாகக் கூட்டிவர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வெளியாளுக்கு 'அதே மாதிரி' கேட்பது, வரிசையாகக் கேட்டு வந்தவருக்குப் பெரிய திருப்பம். உற்சாகத்தின் பெரும் பங்கு இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஸ்டீல் கிதார் வரும் இடங்கள் எனக்குக் கொஞ்சம் இனிப்புத் தூக்கல், ஆனால் அது ருசி பற்றிய பேச்சு.

உற்சாகம் காசாக மாறும் கணக்கு

சரி, சில ஆயிரம் பேர் மகிழ்ந்தால் லேபிளுக்கு என்ன? இங்கேதான் எண்கள் வருகின்றன.

1. அமெரிக்க பில்போர்டு தரவரிசையில் ஒரு தட்டு விற்றால் ஒரு ஆல்பம் என்று கணக்கு. ஸ்ட்ரீமிங்கில், 2024இல் இருந்த விதிப்படி, சந்தா கட்டியவர்கள் 1,250 முறை கேட்டால் ஒரு ஆல்பம், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 3,750 முறை. பத்துப் பாட்டு உள்ள ஆல்பத்தைச் சந்தாதாரர் ஒருவர் முழுசாக 125 தடவை கேட்டால்தான், ஒரு ரசிகர் ஒரு தட்டு வாங்கியதற்குச் சமம்.

2. அமெரிக்காவில் 2022இல் வினைல் இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் சிடியைத் தாண்டின. 1987க்குப் பிறகு முதல் முறை. ஏறக்குறைய 4.1 கோடி தட்டுகள், 3.3 கோடி சிடிகள். நடுவயது ராக் ரசிகர்கள் இந்தச் சந்தையில் முக்கியமானவர்கள், மாஸ்கிஸின் ரசிகர்கள் அச்சு அசல் அந்த வகை.

3. முன்பதிவுக்குத் தூண்டில் வண்ணத் தட்டு. முதல் அச்சில் ஒரு பகுதியை வண்ணத்தில் போட்டு 'லூசர் எடிஷன்' என்று விற்பது சப் பாப்பின் வழக்கம். 'லூசர்' என்று பெரிதாக அச்சடித்த அவர்களுடைய பழைய டி-ஷர்ட்டின் நினைவு அது. இந்த வித்தை புதிதும் இல்லை. 1988 நவம்பரில் சந்தாதாரர்களுக்கென அவர்கள் தொடங்கிய தனிப்பாடல் சங்கத்தின் முதல் தட்டு நிர்வானாவினுடையது. எண்ணிட்ட 1,000 பிரதிகள்தான்.

முன்பதிவுப் பணம் சின்ன லேபிளுக்கு வெறும் விற்பனை மட்டும் இல்லை, தகவலும்கூட. எத்தனை தட்டு அச்சடிக்கலாம் என்று அச்சாகும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும். கிடங்கில் தேங்கும் தட்டுதான் சின்ன லேபிள்களைக் கொல்வது. ரசிகர் பாட்டைக் கேட்காமலே நம்பிக் கட்டும் பணம், கலைஞரின் அடுத்த ஆல்பத்துக்கான காப்பீடு மாதிரி வேலை செய்கிறது. 1990களில் பெரிய நிறுவனம் இதே கலைஞரிடம் எதிர்பார்த்தது வானொலியில் ஓடும் ஒரு ஹிட். 1994இல் 'ஃபீல் த பெயின்' ஓரளவுக்கு அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றியது. மூன்றே வருடத்தில் அந்தக் கதை முடிந்தது. ஹிட் கேட்காத இரண்டாம் அமைப்பு 2005இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். அதே ஆட்கள் அதே தட்டை மூன்று வண்ணத்தில் வாங்கினால் விற்பனை ஏறும், கேட்பவர் தொகை ஏறாது. இரைச்சலைக் கண்டு ஓடாத பதினாறு வயதுக்காரர் எங்கிருந்து வருவார்? ஒரு வழி, வேடிக்கையாக, அந்தக் கிதார் வழியாகவே வருகிறது. ஃபெண்டர் 2007இல் மாஸ்கிஸின் பெயரில் ஊதா மினுமினுப்பு ஜாஸ்மாஸ்டர் ஒன்றை வெளியிட்டது. 2011இல் அதன் மலிவு பிராண்டான ஸ்குவயரில் அவர் பெயரிட்ட இன்னொன்று வந்தது. முதல் கிதாரைத் தேடும் பலர், இவர் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காமல் அதை வாங்கி, அதில் இருக்கும் பெயர் யாருடையது என்று பிறகு தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், அடகுக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த 1960களின் அசல் ஜாஸ்மாஸ்டர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர். பணம் பத்தாமல் வாங்கிய கிதாரை, இன்று பணம் பத்தாத இளைஞர் வாங்க முடியாது.

இன்னொரு வழி மேடை. தனியாக வாசிக்கும்போது மாஸ்கிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, அக்கூஸ்டிக் கிதாரை மடியில் வைத்துக்கொள்கிறார். எதிரே பாட்டுத்தாள் தாங்கி, காலடியில் பெடல்கள். பாதிப் பாட்டுவரை பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையில் வாசிப்பது போலத்தான் போகும். பிறகு தான் வாசித்த தாளத்தை லூப் பெடலில் பிடித்துச் சுழலவிடுவார். வலது கால் மெதுவாக நகர்ந்து ஃபஸ் பெடலுக்குப் போகும். அந்தக் காலைப் பார்த்ததும் முன்வரிசை ஆர்ப்பரிக்கத் தொடங்கிவிடும், ஒரு சுரம்கூட இன்னும் வந்திருக்காது.